எஃகுச் சுருள்வில்களின் ஊர்வும் களைப்பும்

எஃகுச் சுருள்வில் என்பது எஃகுக் கம்பியையோ தண்டையோ திருகுசுருள் வடிவில் சுற்றிச் செய்யப்படும், மீள்திறன் கொண்ட எந்திர உறுப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்பிரிங் எனப்படுகிறது. நெடுங்காலம் சுமை தாங்கி நிற்கும் சுருள்வில் சிறிது சிறிதாகத் தன் உயரத்தை இழப்பது ஊர்வு எனப்படும். மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமையால் அதில் விரிசல் தோன்றி, வளர்ந்து, இறுதியில் முறிவது களைப்பு எனப்படும். ஒரு சுருள்வில் பயனற்றுப் போவதற்கு இவ்விரண்டுமே முதன்மையான காரணங்கள் ஆகும். ஊர்ந்த வில்லைப் பட்டறைகளில் "ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது" என்பர்.

ஒரே எஃகில் ஒரே அளவில் செய்யப்பட்ட இரு சுருள்வில்கள், அவை பெற்ற பக்குவத்தைப் பொறுத்து மிகவும் வேறுபட்ட ஆயுளைக் கொண்டிருக்கலாம். தணித்தல், பதமாக்கல், தகைவு நீக்கம், எஃகுக் குண்டுகளால் அடித்தல், முன்னமுக்கம், மேற்பூச்சு ஆகியவை இப்பக்குவங்களில் சில. களைப்பைக் குறைக்கும் பக்குவம் ஊர்வையும் குறைக்கும் என்று சொல்ல முடியாது. சில வேளைகளில் ஒன்றுக்கு நன்மை செய்வது மற்றதற்குத் தீமை செய்வதும் உண்டு.

அடிப்படை

அமுக்கச் சுருள்வில்லின் மேல் நேராகச் சுமை ஏற்றப்பட்டாலும், அதன் கம்பி அமுங்குவதில்லை, முறுக்கப்படுகிறது. ஆகவே கம்பியில் தோன்றும் முதன்மையான தகைவு நறுக்குத் தகைவு ஆகும். இது கம்பியின் மையத்தில் சுழியாகவும் மேற்பரப்பில் பெருமமாகவும் இருக்கும். சுருள்வில்லின் நல்வினையும் தீவினையும் கம்பியின் மேற்பரப்பிலேயே முடிவு செய்யப்படுவதற்கு இதுவே காரணம்.

கம்பியின் மேற்பரப்புத் தகைவைக் கணக்கிட, சுமையையும் சுருளின் சராசரி விட்டத்தையும் எட்டையும் பெருக்கி, அதனைக் கம்பி விட்டத்தின் மும்மடியையும் பையையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். கம்பி வளைந்திருப்பதால் சுருளின் உட்புறத்தில் தகைவு இதனினும் மிகும். இதற்கான திருத்தக் காரணியை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஏ. எம். வால் வகுத்தார். அது வால் காரணி என வழங்குகிறது. சுருள் விட்டம் கம்பி விட்டத்தைப் போல் பத்து மடங்கானால் இக்காரணி ஏறத்தாழ 1.14, ஐந்து மடங்கானால் ஏறத்தாழ 1.31. அதாவது நெருக்கமாகச் சுற்றப்பட்ட வில்லின் உட்புறம் கூடுதலாகத் துன்புறுகிறது.

எடுத்துக்காட்டாக, 12 மிமீ கம்பியில் 120 மிமீ சராசரி விட்டமும் ஆறு செயற்படு சுற்றுகளும் கொண்ட ஒரு வில்லின் மேல் 3000 நியூட்டன் சுமை ஏற்றப்படுவதாகக் கொள்வோம். எளிய கணக்கில் தகைவு ஏறத்தாழ 530 மெகாபாசுக்கல். வால் காரணியால் பெருக்கினால் உட்புறத் தகைவு ஏறத்தாழ 607 மெகாபாசுக்கல். எஃகின் விறைப்புக் குணகத்தை 79,000 மெகாபாசுக்கல் எனக் கொண்டால் வில் மாறிலி மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 19.75 நியூட்டன் ஆகும். வில் ஏறத்தாழ 152 மிமீ அமுங்கும்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. விறைப்புக் குணகம் எஃகின் கடினத்தன்மையைப் பொறுத்து மாறுவது மிகக் குறைவு. எனவே நன்கு பதமாக்கப்பட்ட வில்லும் பதமாக்கப்படாத வில்லும் ஒரே அளவினதாயின், மீட்சி எல்லைக்குள் ஒரே சுமைக்கு ஒரே அளவே அமுங்கும். பக்குவத்தால் மாறுவது வில்லின் விறைப்பு அன்று. அது நிலையாகச் சிதையாமல் தாங்கக்கூடிய தகைவின் அளவே ஆகும்.

ஊர்வும் தளர்வும்

மாறாச் சுமையின் கீழ் காலப்போக்கில் திரிபு கூடுவது ஊர்வு ஆகும். இதனை ஆங்கில வழக்கையொட்டிக் கிரீப் என்றும் கூறுவர். மாறா நீளத்தில் பிடித்து வைக்கப்பட்ட உறுப்பில் காலப்போக்கில் தகைவு குறைவது தளர்வு ஆகும். ஊர்தியின் எடையைத் தாங்கி நிற்கும் தொங்கமைப்பு வில்லில் ஊர்வு நிகழ்கிறது. அதனால் ஊர்தியின் உயரம் குறைகிறது. இரு தகடுகளுக்கிடையே நிலையான இடைவெளியில் அமுக்கி வைக்கப்பட்ட வில்லில் தளர்வு நிகழ்கிறது; அதனால் அதன் விசை குறைகிறது. இரண்டுக்கும் அடிப்படை நிகழ்வு ஒன்றே.

காரணம்

எஃகின் படிக அணிவரிசையில் பிறழ்வுகள் எனப்படும் கோட்டுக் குறைகள் உள்ளன. மீட்சி எல்லைக்குக் கீழான தகைவிலும், வெப்ப அசைவின் துணையால் இவற்றுள் சில தம்மைத் தடுத்து நிற்கும் தடைகளைத் தாண்டி நகர்கின்றன. ஒவ்வொரு நகர்வும் மிகச் சிறிய நிலைத் திரிபை விட்டுச் செல்கிறது. எளிதில் நகரக்கூடியவை முதலில் நகர்ந்துவிடுவதால் ஊர்வு தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நடைபெறுகிறது.

சாதாரண வெப்பநிலையில் வில் எஃகின் ஊர்வு பெரும்பாலும் காலத்தின் மடக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும். அதாவது முதல் மணி நேரத்திலிருந்து பத்தாவது மணி வரை எவ்வளவு இழப்போ, ஏறத்தாழ அவ்வளவே பத்திலிருந்து நூறு மணி வரையிலும், நூறிலிருந்து ஆயிரம் மணி வரையிலும் நிகழும். பத்து ஆண்டுகள் என்பது 87,600 மணி நேரம்; ஏறத்தாழ ஐந்து பத்தின் அடுக்குகள். நூறு மணி நேரச் சோதனையைக் கொண்டே பல ஆண்டு ஊர்வை ஓரளவு முன்கூட்டிக் கூற முடிவது இதனால்தான்.

மேற்கண்ட எடுத்துக்காட்டு வில்லில் மீள்திரிபு ஏறத்தாழ 0.0077. இதில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே, அதாவது 0.0003 அளவே, நிலைத் திரிபாக மாறினாலும் ஊர்தி ஏறத்தாழ 6 மிமீ தாழ்ந்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத நுண்திரிபு, நீண்ட கம்பி முழுவதும் சேர்ந்து, அளவுகோலில் தெரியும் தாழ்வாக வெளிப்படுகிறது.

வெப்பநிலையின் பங்கு

வெப்பநிலை உயர உயரப் பிறழ்வுகள் எளிதில் நகரும். ஆதலின் ஒவ்வொரு வகை வில் எஃகுக்கும் ஒரு பயன்பாட்டு வெப்ப எல்லை உண்டு. குளிர்நிலையில் இழுக்கப்பட்ட உயர்கரிம எஃகுக் கம்பிக்கு இவ்வெல்லை சுமார் 120 பாகை செல்சியசு. குரோமியம்–வனேடியம் எஃகுக்குச் சுமார் 220 பாகை. குரோமியம்–சிலிக்கான் எஃகுக்குச் சுமார் 250 பாகை. இவற்றினும் மிகுந்த வெப்பத்தில் துருவேறா எஃகோ நிக்கல் கலப்புலோகங்களோ பயன்படுத்தப்படுகின்றன.

கோடைக்காலத்தின் 40 பாகை வெயில் மகிழுந்தின் தொங்கமைப்பு வில்லைப் பெரிதும் பாதிப்பதில்லை. ஆனால் எந்திரத் தலைப்பகுதியில் சூடான எண்ணெயில் இயங்கும் அடைப்பிதழ் வில் 100 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தைச் சந்திக்கக்கூடும். அவ்விடத்தில் ஊர்வெதிர்ப்பு மிக்க எஃகு இன்றியமையாததாகிறது.

சிலிக்கானின் பங்கு

வில் எஃகுகளில் சிலிக்கான் ஊர்வை எதிர்க்கும் தனிமமாக மதிக்கப்படுகிறது. அது இரும்பின் அணிவரிசையில் கரைந்து அதனை வலுப்படுத்துகிறது. மேலும் பதமாக்கலின்போது கார்பைடு துகள்கள் பருத்துவிடாமல் தடுக்கிறது. நுண்ணிய துகள்கள் நெருக்கமாக அமையும்போது பிறழ்வுகள் நகர இடம் குறைகிறது. தொங்கமைப்பு வில்களில் 1.2 முதல் 2.2 விழுக்காடு வரை சிலிக்கான் கொண்ட எஃகுகள் பரவலாகப் பயன்படுவதற்கு இதுவே காரணம். எனினும் சூடாக்கும்போது மேற்பரப்பிலிருந்து கரிமம் வெளியேறுவதைச் சிலிக்கான் ஊக்குவிக்கிறது. கரிமம் இழந்த மேற்பரப்பு மென்மையாகிக் களைப்பு விரிசலுக்கு இடம் தரும்.

களைப்பு

ஒருமுறை ஏற்றினால் எவ்விதத் தீங்கும் விளைவிக்காத சுமை, பல இலட்சம் முறை ஏறி இறங்கும்போது உலோகத்தை முறித்துவிடக்கூடும். இதுவே களைப்பு அல்லது ஃபட்டீக் ஆகும். களைப்பு முறிவில் மூன்று நிலைகள் உள்ளன: விரிசல் தோன்றுதல், விரிசல் வளர்தல், எஞ்சிய குறுக்குப்பரப்பு சுமை தாங்காமல் திடீரென முறிதல்.

சுமைச் சுழற்சிகளின் எண்ணிக்கை எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்பதற்கு அடைப்பிதழ் வில் நல்ல எடுத்துக்காட்டு. நான்கு வீச்சு எந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், அதன் அடைப்பிதழ் வில் நிமிடத்திற்கு 1500 முறை அமுங்கி எழும். ஒரு மணி நேரத்தில் 90,000 சுழற்சிகள். ஏறத்தாழ 111 மணி நேரத்தில் ஒரு கோடி சுழற்சிகள். ஆகவே இவ்வகை வில் கோடிக்கணக்கான சுழற்சிகளுக்கு வடிவமைக்கப்பட வேண்டியுள்ளது.

முறிவின் தோற்றம்

சுருள்வில்லின் களைப்பு முறிவு பெரும்பாலும் சுருளின் உட்புறத்தில் தொடங்கும். முறுக்கத்தின்போது மிகுந்த இழுவிசைத் தகைவு கம்பியின் அச்சுக்கு 45 பாகைச் சாய்வில் அமைவதால், முறிவுப் பரப்பும் சாய்வாகவே காணப்படும். ஒரு சுண்ணக்கட்டியை இரு கைகளாலும் பிடித்து முறுக்கி உடைத்தால் இதே சாய்வைக் காணலாம்.

விரிசல் தொடங்கும் இடங்களாவன:

- கம்பி இழுக்கும்போதோ சுற்றும்போதோ ஏற்பட்ட கீறல்
- கரிமம் இழந்த மேற்பரப்பு
- துருவால் உண்டான குழி
- எஃகினுள் சிக்கியுள்ள அலுமினா, சிலிக்கேட்டு போன்ற உலோகமல்லாத் துகள்
- கடைசிச் சுற்று அடுத்த சுற்றைத் தொட்டு உராயும் இடம்

மேற்பரப்பு நன்கு பக்குவப்படுத்தப்பட்ட உயர்வலு வில்களில், ஒரு கோடிச் சுழற்சிகளுக்குப் பின்னர், விரிசல் மேற்பரப்பில் தோன்றாமல் உள்ளே இருக்கும் துகளைச் சுற்றித் தோன்றுவதும் உண்டு. முறிவுப் பரப்பில் இது வட்டமாக, மீனின் கண் போலத் தெரியும். இதனால் அடைப்பிதழ் வில்லுக்கான எஃகு மிகத் தூய்மையாக உருக்கப்படுகிறது.

துருவும் களைப்பும்

துருவும் களைப்பும் சேர்ந்தால் ஆயுள் வெகுவாகக் குறையும். காரணம் இரண்டு. முதலாவது, துருக்குழி தகைவை ஓரிடத்தில் குவிக்கிறது. இரண்டாவது, தகைவு கம்பி விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், கம்பி சற்றே மெலிந்தாலும் தகைவு மிகுதியாக உயரும். 12 மிமீ கம்பி துருவால் 11.5 மிமீ ஆனால் தகைவு ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்துவிடும். சாலைக் கற்கள் தெறித்து வண்ணப்பூச்சு பெயர்ந்த இடத்தில், குறிப்பாக நீரும் மண்ணும் தேங்கும் கீழ்ச்சுற்றில், முறிவுகள் மிகுதியாகக் காணப்படுவது இதனாலேயே.

வரலாறு

விசைக்கும் நீட்சிக்கும் உள்ள நேர்விகிதத் தொடர்பை இராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துப் புதிராக அறிவித்து, 1678-இல் விளக்கமாக வெளியிட்டார். உலோகக் களைப்பைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று செருமானியச் சுரங்கப் பொறியாளர் வில்லெம் ஆல்பர்ட் 1837-இல் வெளியிட்டது. அது சுரங்கச் சங்கிலிகளைப் பற்றியதாகும். 1842 மே 8 அன்று பிரான்சின் வெர்சாய் அருகே தொடர்வண்டிப் பொறியின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது, இச்சிக்கலின்பால் பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் அகஸ்ட் வோலர் பிரசிய இரயில்வேக்காக ஏறத்தாழ 1870 வரை நடத்திய நெடிய சோதனைகள் தகைவுக்கும் சுழற்சி எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டின.

ஊர்வைப் பற்றிய முறையான ஆய்வை ஆங்கில இயற்பியலாளர் ஆந்திராடே 1910-இல் உலோகக் கம்பிகளைக் கொண்டு நடத்தினார். எஃகுக் குண்டுகளால் அடித்து வில்களின் ஆயுளை நீட்டிக்கும் முறை 1930-களிலும் 1940-களிலும் வளர்ச்சி பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஆல்மென் இதன் செறிவை அளக்க ஒரு மெல்லிய எஃகுப் பட்டையைப் பயன்படுத்தினார். ஒருபுறம் மட்டும் அடிபட்ட பட்டை வளைந்துகொள்ளும். அவ்வளைவின் உயரமே அடியின் செறிவு. ஆல்மென் பட்டை இன்றும் இத்தொழிலில் அளவுகோலாக உள்ளது. வால் எழுதிய எந்திரவியல் வில்கள் பற்றிய நூல் 1944-இல் வெளிவந்தது.

பக்குவ முறைகளும் விளைவுகளும்

தணித்தலும் பதமாக்கலும்

தடித்த தண்டுகளிலிருந்து செய்யப்படும் வில்கள், தண்டைச் சுமார் 900 பாகைக்கு மேல் சூடாக்கிச் சுற்றி, எண்ணெயில் தணித்து, பின்னர் பெரும்பாலும் 400 முதல் 500 பாகை வரையில் பதமாக்கப்படுகின்றன. தணித்தலால் எஃகு மார்ட்டன்சைட்டு என்னும் மிகக் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள அமைப்பைப் பெறுகிறது. டெம்பரிங் என வழங்கும் பதமாக்கல் அதன் கடினத்தைச் சற்றுக் குறைத்து உரத்தைக் கூட்டுகிறது. பதமாக்கும் வெப்பம் குறைந்தால் வில் நொறுங்கும். மிகுந்தால் எளிதில் ஊரும். தணித்தல் முழுமை பெறாமல் தண்டின் உட்பகுதி மென்மையாக நின்றுவிட்டாலும் ஊர்வு கூடும்.

தகைவு நீக்கம்

மெல்லிய கம்பிகள் முன்னரே வலுவூட்டப்பட்டுக் குளிர்நிலையில் சுற்றப்படுகின்றன. சுற்றும்போது வளைந்த கம்பியில் எஞ்சு தகைவு தங்கிவிடும். அமுக்க வில்லின் உட்புறத்தில் அது இழுவிசைத் தகைவாக இருப்பதால் களைப்புக்குத் துணைபோகும். ஆகவே சுற்றிய வில்களை எஃகின் வகைக்கேற்பச் சுமார் 200 முதல் 400 பாகை வரையில் சூடாக்கி அத்தகைவை நீக்குவர். இது களைப்பு, ஊர்வு இரண்டையும் எதிர்க்கும் ஆற்றலை உயர்த்தும் எளிய முறையாகும்.

குண்டடி

ஷாட் பீனிங் என வழங்கும் இம்முறையில் சிறு எஃகுக் குண்டுகள் வில்லின் மேற்பரப்பில் மிக விரைவாக வீசி அடிக்கப்படுகின்றன. ஒவ்வொரு குண்டும் மேற்பரப்பை நுண்ணியதாகத் தட்டி விரிக்க முயல்கிறது. உட்பகுதி அதனை விரியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இதனால் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரின் சில பத்தில் பங்கு ஆழத்திற்கு அமுக்கத் தகைவு தங்குகிறது. அமுக்கத்தில் இருக்கும் பரப்பில் விரிசல் எளிதில் திறவாது. களைப்பு ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு நிகரான முறைகள் மிகச் சிலவே.

ஆனால் குண்டடியால் மேற்பரப்பில் புதிய பிறழ்வுகள் பெருந்தொகையாக உண்டாகின்றன. அவை நிலைகொள்ளாதவை, எளிதில் நகரக்கூடியவை. எனவே குண்டடி பெற்ற வில் அடுத்து எப்பக்குவமும் பெறாவிடில், அடி பெறாத வில்லைவிடச் சற்றுக் கூடுதலாக ஊரும். இதனைத் தவிர்க்கக் குண்டடிக்குப் பின் சுமார் 200 பாகையில் மீண்டும் சூடாக்குவர். அப்போது கரிம அணுக்கள் புதிய பிறழ்வுகளைச் சூழ்ந்து அவற்றை அசையாது கட்டிவிடுகின்றன. சூட்டை 250 பாகைக்கு மேல் உயர்த்தினால் பயன் தரும் அமுக்கத் தகைவு கரையத் தொடங்கும். மிகுந்த சூட்டில் இயங்கும் வில்லில் குண்டடியின் பயன் குறைவதும் இதே காரணத்தினால்தான்.

முன்னமுக்கம்

தேவையான உயரத்தைவிடச் சற்று உயரமாக வில்லைச் சுற்றி, அதன் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும் வரை சிலமுறை அமுக்கி விடுவது முன்னமுக்கம் ஆகும். அவ்வாறு அமுக்கும்போது கம்பியின் மேற்பரப்பு மீட்சி எல்லையைத் தாண்டி நிலையாகச் சிதைகிறது. உட்பகுதி மீள்நிலையிலேயே இருக்கிறது. சுமை நீங்கியதும் உட்பகுதி மேற்பரப்பை எதிர்த்திசையில் முறுக்குகிறது. பின்னர்ச் சுமை ஏறும்போது அது முதலில் இவ்வெதிர்த் தகைவை ஈடுசெய்ய வேண்டியிருப்பதால், மேற்பரப்பின் நிகரத் தகைவு குறைகிறது.

வாங்கியபின் ஊர வேண்டியதன் ஒரு பகுதியை ஆலையிலேயே ஊரச் செய்துவிடுவது இதன் பொருள் எனலாம். 150 முதல் 250 பாகை அளவில் சூடாக இருக்கும்போதே அமுக்கும் வெப்ப முன்னமுக்கம் ஊர்வை மேலும் குறைக்கிறது. ஆனால் முன்னமுக்கம் ஒரு திசைக்கே உரியது. இரு திசைகளிலும் மாறி மாறிச் சுமை ஏறும் உறுப்புக்கு இது தீங்காகலாம்.

நைட்ரைடாக்கம்

மேற்பரப்பில் நைட்ரசனை ஊடுருவச் செய்து கடினமாக்கும் இம்முறை, உயர்வலு அடைப்பிதழ் வில்களில் கையாளப்படுகிறது. கடினமான மேலடுக்கு களைப்பை எதிர்க்கிறது. இதற்குச் சில மணி நேரம் 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் தேவைப்படுவதால், அவ்வெப்பத்திலும் உட்பகுதி மென்மையாகாத எஃகுக்கே இது பொருந்தும்.

மேற்பூச்சும் நீரகமும்

துருவைத் தடுக்க பாசுப்பேட்டுப் பூச்சின் மேல் தூள்வண்ணப் பூச்சு இடப்படுகிறது. மின்முலாம் பூசுவதாயின் மிகுந்த எச்சரிக்கை தேவை. அமிலத்தால் கழுவும்போதும் துத்தநாக முலாம் பூசும்போதும் தோன்றும் நீரக அணுக்கள் எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும். அத்தகைய வில் சோதனையில் தேறி, பின்னர் நிலையான சுமையின் கீழ் சில மணியிலோ சில நாட்களிலோ எவ்வித முன்னறிகுறியுமின்றி முறியலாம். முலாம் பூசியவுடன் சுமார் 190 முதல் 220 பாகையில் பல மணி நேரம் சூடாக்கி நீரகத்தை வெளியேற்றுவது வழக்கம்.

ஒப்பீடு

- தகைவு நீக்கம்: ஊர்வு குறையும், களைப்பு ஆயுள் கூடும்.
- குண்டடி மட்டும்: ஊர்வு சற்றுக் கூடும், களைப்பு ஆயுள் மிகவும் கூடும்.
- குண்டடிக்குப் பின் குறைவெப்பச் சூடாக்கல்: ஊர்வு மீண்டும் குறையும், களைப்பு ஆயுள் பெரும்பாலும் நிலைக்கும்.
- குளிர் முன்னமுக்கம்: ஊர்வு குறையும், ஒருதிசைச் சுமையில் களைப்பு ஆயுள் கூடும்.
- வெப்ப முன்னமுக்கம்: ஊர்வு மிகவும் குறையும், சூடு மிகுந்தால் குண்டடியின் பயன் குறையும்.
- நீரகம் நீக்கப்படாத மின்முலாம்: எந்நேரமும் முறிவு நேரலாம்.

இவ்வொப்பீட்டிலிருந்து பக்குவங்களின் வரிசையும் முதன்மையானது என்பது விளங்கும். குளிர்நிலையில் சுற்றும் வில்லுக்குச் சுற்றுதல், தகைவு நீக்கம், முனை தேய்த்தல், குண்டடி, குறைவெப்பச் சூடாக்கல், முன்னமுக்கம், மேற்பூச்சு என்பது பரவலான வரிசை. முன்னமுக்கத்திற்குப் பின் வில்லை மிகுதியாகச் சூடாக்கினால் முன்னமுக்கத்தின் பயன் அழிந்துவிடும்.

சோதனை முறைகள்

தளர்வுச் சோதனை எளியது. வில்லைக் குறித்த உயரத்திற்கு அமுக்கி அதன் விசை அளக்கப்படுகிறது. பின்னர் திருகாணியால் அதே உயரத்தில் கட்டி, குறித்த வெப்பத்தில் குறித்த நேரம் வைத்து, ஆறிய பின் விசை மீண்டும் அளக்கப்படுகிறது. முதலில் 500 நியூட்டனாக இருந்த விசை பின்னர் 480 நியூட்டனானால் இழப்பு 4 விழுக்காடு.

களைப்புச் சோதனையில் பல வில்கள் ஒரே நேரத்தில் இரு உயரங்களுக்கிடையே அமுக்கி விடப்படுகின்றன. ஒரே தொகுதியைச் சேர்ந்த வில்களும் ஒரே எண்ணிக்கையில் முறிவதில்லை. ஒன்று முறியும் சுழற்சி எண்ணிக்கையைப் போல் பல மடங்கு மற்றொன்று தாங்கும். ஆதலால் ஒற்றை வில்லின் முடிவைக் கொண்டு ஒரு பக்குவத்தை நல்லதென்றோ தீயதென்றோ கூற இயலாது. சராசரித் தகைவையும் தகைவு வீச்சையும் தனித்தனியே குறிப்பிடுவதும் தேவை. 400 முதல் 700 மெகாபாசுக்கல் வரை ஏறி இறங்கும் வில்லின் சராசரித் தகைவு 550, வீச்சு 150. வீச்சு களைப்பையும், சராசரி களைப்பு, ஊர்வு இரண்டையும் பாதிக்கும்.

இந்தியாவில் குளிர்நிலையில் சுற்றும் வில்களுக்கான கம்பிகளுக்கு ஐஎஸ் 4454, சுருள்வில்களுக்கு ஐஎஸ் 7906 ஆகிய இந்தியத் தரங்கள் வழக்கில் உள்ளன.

தமிழ்நாட்டில்

பெரம்பூர் தொடர்வண்டிப் பெட்டிகள்

சென்னை பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுருள்வில்லின் ஊர்வும் களைப்பும் பல கோடிப் பயணிகளின் வாழ்வோடு தொடர்புற்ற இடமாகும். இத்தொழிற்சாலையின் பழைய வடிவமைப்புப் பெட்டிகளில், சக்கர அச்சுப் பெட்டிகளின் மேல் முதல்நிலை வில்களும், பெட்டியின் எடையைத் தாங்கும் குறுக்குத் தாங்கியின் கீழ் இரண்டாம்நிலை வில்களும் சுருள்வில்களே. குளிர்சாதனமில்லாப் பெட்டிகளில் முதல்நிலை வில்லின் தண்டு 33.5 மிமீ விட்டமும், இரண்டாம்நிலை வில்லின் தண்டு 42 மிமீ விட்டமும் கொண்டது.

பராமரிப்பின்போது ஒவ்வொரு வில்லும் குறித்த சோதனைச் சுமையின் கீழ் அளக்கப்பட்டு, அச்சுமையில் அது நிற்கும் உயரத்திற்கேற்ப மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வண்ணத்தால் அடையாளம் இடப்படுகிறது. ஒரே தொகுதியைச் சேர்ந்த வில்களே ஒன்றாகப் பொருத்தப்பட வேண்டும். ஒரு வில் மட்டும் மிகுதியாக ஊர்ந்திருந்தால் அதன் பங்குச் சுமை பிற வில்களின் மேல் விழும். சக்கரங்களின் மேல் எடை சமமாகப் பரவாது. வில்கள் ஊர்வதாலும் சக்கரங்கள் தேய்வதாலும் பெட்டியின் இடைதாங்கிகள் தாழும். அவற்றின் உயரம் தண்டவாளத்திலிருந்து 1105 மிமீ-க்கு மேற்படாமலும் 1030 மிமீ-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது விதி.

பழைய வடிவமைப்புப் பெட்டிகளின் உற்பத்தி பெரம்பூரில் 2018 சனவரியில் நிறைவுற்றது. அதற்குப் பின் செய்யப்படும் செருமானிய வடிவமைப்பான எல்எச்பி பெட்டிகளில் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த சுருள்வில்கள் உள்ளன. அமுங்கும்போது உள்வில்லின் சுற்றுகள் வெளிவில்லின் சுற்றுகளுக்கிடையே சிக்காதிருக்க இவ்வகை இணைவில்கள் எதிரெதிர்த் திசைகளில் சுற்றப்படுவது வழக்கம். 2018-இல் இங்கு உருவான வந்தே பாரத் வண்டியில் இரண்டாம் நிலைக்குக் காற்றுவில்கள் பயன்படுகின்றன; முதல்நிலையில் எஃகுச் சுருள்வில்லே நீடிக்கிறது. இந்திய இரயில்வேக்குச் சொந்தமான சுருள்வில் தொழிற்சாலை மத்தியப் பிரதேசத்தில் குவாலியர் அருகே சித்தௌலியில் உள்ளது.

திருப்பெரும்புதூர்–ஒரகடம்–வாலாஜாபாத் வட்டாரம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகப் பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபாத் வரை பரவிய பகுதி, சுருள்வில்கள் பெருந்தொகையாகப் பயன்படும் ஊர்தித் தொழில் வட்டாரமாகும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ மகிழுந்து வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் கூட்டு ஆலையும், 2012-இல் டைம்லர் பாரவுந்து ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் தொடங்கப்பட்டன. வல்லம் வடகாலில் 2015-இல் யமஹாவும், 2017-இல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. ஊர்திச் சோதனைக்கான உலகளாவிய ஊர்தி ஆய்வு மையமும் ஒரகடத்தில் அமைந்துள்ளது. வாலாஜாபாத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து மகிழுந்துகள் சரக்கு வண்டிகளில் ஏற்றி அனுப்பப்படுகின்றன.

இவ்வட்டாரத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மகிழுந்திலும் விசையுந்திலும் வெவ்வேறு கடமைகளுக்கான சுருள்வில்கள் இடம்பெறுகின்றன. தொங்கமைப்பு வில் எடை தாங்கி ஊர்வை எதிர்க்க வேண்டும். அடைப்பிதழ் வில் சூட்டில் கோடிக்கணக்கான சுழற்சிகளைத் தாங்க வேண்டும். உரசிணைப்பி வில் அமுங்கிய நிலையிலேயே விசை குன்றாதிருக்க வேண்டும். பாரவுந்துகளில் பெரும்பாலும் பட்டைவில்கள் பயன்படுகின்றன. அவை முறுக்கப்படாமல் வளைக்கப்படினும் ஊர்வு, களைப்பு, குண்டடி, முன்னமுக்கம் பற்றிய கோட்பாடுகள் அவற்றுக்கும் பொருந்தும்.

பழுதுபார்ப்பில் கவனிக்க வேண்டியவை

உட்கார்ந்த வில்லைப் பற்றிச் சில தவறான கருத்துகள் நிலவுகின்றன.

- உட்கார்ந்த வில் மென்மையாகிவிட்டது என்பது தவறு. அதன் கம்பி விட்டமும் சுற்றுகளும் மாறாதவரை வில் மாறிலி மாறாது, உயரமே குறைந்துள்ளது. ஆயினும் உயரம் குறைந்ததால் மேடுபள்ளங்களில் அது முழுதும் அமுங்கி இடிபட வாய்ப்பு மிகும்.
- வளிச்சுடரால் சூடாக்கி இழுத்து உயரத்தை மீட்பது ஆபத்தானது. சூடுபட்ட இடத்தில் பதம் அழிந்து மென்மையாகும். குண்டடியின் பயனும் முன்னமுக்கத்தின் பயனும் நீங்கும். சூடுபட்ட பகுதியின் விளிம்பு முறிவுக்கு இடமாகும்.
- குளிர்நிலையில் இழுத்து நீட்டப்பட்ட வில் விரைவில் மீண்டும் தாழும். நீட்டும்போது முன்னமுக்கத்திற்கு எதிர்த்திசையில் சிதைவதால் அதன் ஊர்வெதிர்ப்பு குன்றுகிறது. ஒரு திசையில் சிதைந்த உலோகம் எதிர்த்திசையில் எளிதில் சிதையும் என்பதனை 19ஆம் நூற்றாண்டில் செருமானியப் பொறியாளர் பௌசிங்கர் கண்டறிந்தார்.
- ஊர்தியைத் தாழ்த்தச் சுற்றுகளை வெட்டினால் வில் மேலும் விறைப்பாகும். ஆறு செயற்படு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 விழுக்காடு கூடும். வெட்டிய முனை இருக்கையில் சரியாகப் பொருந்தாமல் புதிய உராய்வும் விரிசலும் தோன்றலாம்.
- மின்பற்றவைப்பின்போது தெறிக்கும் ஒரு சிறு பொறியும், வில்லில் நொறுங்கும் தன்மையுள்ள கடினப் புள்ளியை உண்டாக்கிக் களைப்பு விரிசலைத் தொடங்கக்கூடும்.

முறிந்த வில்லுக்கு மாற்றாகப் புதிய வில் பொருத்தும்போது, அதே அச்சின் மறுபக்க வில்லையும் சேர்த்து மாற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது. பழையது ஏற்கெனவே ஊர்ந்திருக்கும். புதியது முழு உயரத்துடன் நிற்கும். இரண்டும் ஒரே அச்சில் இருந்தால் ஊர்தி ஒருபக்கம் சாயும். மேலும், ஒரே சாலையில் ஒரே காலம் உழைத்த மறுபக்க வில்லும் முறிவை நெருங்கியிருக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- ஹூக்கின் விதி
- தகைவும் திரிபும்
- எஃகு
- பட்டைவில்
- இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை